வெள்ளிக்கிழமைகளில் விழாதவள்

போன வாரம் ஒரு புது நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் மருத்துவ அறையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறதாம். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

“சிஸ்டர், எங்க லேடீஸ் ஹாஸ்டல்ல பேய் இருக்குன்னு ஒரே கலாட்டா. பேயெல்லாம் கிடையாதுன்னு சொன்னா என்னை அடிக்க வர்றாங்க. நீங்க ஒரகடத்துல ஒரு பேயை ஓட்டினீங்களாமே? எப்படி ஓட்டினீங்க?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை வருஷம் ஊசி போட்டிருக்கிறேன், கட்டுப் போட்டிருக்கிறேன், பிரஸ் மிஷினில் கை நசுங்கியவனை ஆம்புலன்ஸில் மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அதையெல்லாம் ஒருத்தரும் கேட்பதில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் என்றால் பேய் ஓட்டினவள். இதுதான் நான் சம்பாதித்த பெயர்!

“நான் எதையும் ஓட்டலம்மா. மொதல்ல நீ பேய் கிடையாதுன்னு சொல்றதை நிறுத்து,” என்றேன்.

இந்தக் கிழவியும் பேயை நம்புகிற கூட்டம்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்காக எழுத உட்கார்ந்தது இது. மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

நான் நர்சிங் படித்தது, முதலில் வேலை பார்த்தது எல்லாம் காஞ்சிபுரத்தில். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கம் கிடைக்காது, திட்டு கிடைக்கும். ஒன்று மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒரு குடும்பத்தையே அள்ளிக்கொண்டு வந்தார்கள். கொசுவுக்குப் பயந்து கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, உள்ளே கரி அடுப்பில் வேப்பிலையைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அம்மாவும் பிள்ளைகளும் பிழைத்தார்கள், அப்பா பிழைக்கவில்லை. செத்த மனிதரின் முகம் நல்ல ரத்த ஓட்டத்தோடு தூங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவேயில்லை. செத்தவர் செத்தவர் மாதிரி இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கல்யாணம், படப்பையில் வீடு, ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. கார்களுக்கான மின்கருவிகளைச் சேர்த்துப் பூட்டுகிற தொழிற்சாலை. அசெம்பிளி லைனில் முக்கால்வாசி பெண்கள். அங்கேதான் டாக்டர் வரதன் எனக்கு மேலதிகாரியாக வந்தார்.

ஒல்லியான மனிதர். குரல் உயராது. ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தாலே எனக்குக் கடுப்பாக வரும், ஏனென்றால் நான் அதற்குள் பதிலைத் தீர்மானித்திருப்பேன். வயிற்று வலி என்று யார் வந்தாலும், கண் எரிச்சல் என்று யார் வந்தாலும், அவர் கேட்பது நாலு கேள்வி. எப்போ? எங்கே? யாருக்கு? யாருக்கு இல்லை? கடைசிக் கேள்வியில் வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். வலி உள்ளவனிடம் வலி இல்லாதவனைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? ஆனால் கேன்டீன் சாம்பாரையும், சரியில்லாத கண் கண்ணாடியையும் அந்தக் கேள்விதான் காட்டிக்கொடுத்தது.

இன்னொன்றும் கேட்பார். யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், “சரி. என்ன நடந்தா நீங்க சொல்றது தப்புன்னு ஒத்துக்குவீங்க?” என்பார். இதை மற்றவர்களிடம் மட்டும் கேட்டால் பரவாயில்லை, என்னிடமும் கேட்பார்.

ஒரு சமயம் செப்பு வளையம் விற்கிறவன் ஒருத்தன் வந்தான். டை கட்டின பையன், வாய் நிறைய ‘எனர்ஜி’. எங்கள் எச்.ஆர். மேனேஜர் அவனைக் கேன்டீனுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு தொழிலாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, நீட்டிய கையை அமுக்கினான். ஆள் சாய்ந்தான். வளையத்தை மாட்டிவிட்டு அமுக்கினான். ஆள் அசையவில்லை. கேன்டீனே கைதட்டியது. எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தால் விபத்தே நடக்காது என்று மேனேஜர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். சில பேரை மருத்துவ அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மணிக்கட்டில் பேண்டேஜ் துணி சுற்ற வேண்டும். சிலருக்கு உள்ளே செப்பு வளையம், சிலருக்கு அதே கனத்தில் பைப் ஜாயிண்டுக்குப் போடுகிற ரப்பர் வளையம். யாருக்கு எது என்று எனக்கு மட்டும் தெரியும். சுற்றி அனுப்பிவிட்டு நான் உள்ளேயே உட்கார்ந்துவிட வேண்டும், என் முகத்தைப் பார்த்துக்கூட அவன் கண்டுபிடிக்கக் கூடாது. முதலில் அவனிடமே கேட்டுக்கொண்டார்: “துணியைத் தாண்டி எனர்ஜி வருமா?” “சுவரையே தாண்டி வரும் சார்!” என்றான் பையன்.

அவ்வளவுதான். அவன் அமுக்க அமுக்க ரப்பர்காரன் மலை மாதிரி நின்றான், செப்புக்காரன் சாய்ந்தான், ஒன்றும் ஒத்துவரவில்லை. கையை எந்தப் பக்கமாக அமுக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அது அவனுக்கே தெரியாமல் அவன் கைக்குப் பழகியிருந்தது. “நம்பிக்கை இல்லாத இடத்துல வேலை செய்யாது சார்,” என்றான். நான் வாயைத் திறந்தேன், நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று இருந்தது. டாக்டர் அதற்குள், “டீ சாப்பிட்டுட்டுப் போப்பா, வெயில்ல அலையற,” என்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு ஆத்திரம். “ஊரை ஏமாத்தறவனுக்கு டீயா டாக்டர்?”

“அவன் ஏமாத்தல ஸ்டெல்லா. அவனும் ஒண்ணு மாட்டியிருந்தானே, பாக்கல?”

பார்த்திருந்தேன். ஆனாலும் அந்த டீயை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த விஷயத்தில் டாக்டர் கொஞ்சம் இளகின மனசுக்காரர் என்றுதான் சொல்வேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைப் பேய்க்கு வருகிறேன்.

அசெம்பிளி கட்டடத்தில் கௌரி என்று ஒரு பெண் இருந்தாள். வேலை முடிந்து ஸ்கூட்டரில் போகும்போது வல்லம் பக்கம் லாரி மோதிச் செத்துப்போனாள். நல்ல கலகலப்பான பெண். லைனே சில வாரம் பேச்சில்லாமல் வேலை செய்தது. அவள் இடத்துக்குக் காண்ட்ராக்டர் மூலமாகத் தெற்கத்திப் பெண் ஒருத்தி வந்தாள். பெயர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துக் கிராமம். இங்கே அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் இவர்களுக்குப் புரியாது. உடை மாற்றும் அறையில் கௌரியின் லாக்கரையே அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எச்.ஆர். இருக்கிறதே, காலியாக இருந்தால் கொடுத்துவிடும்.

கொஞ்ச நாளில் ஒரு பெண் லைனில் மயங்கி விழுந்தாள். காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தாள், மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஆனால் விழுந்தது கௌரி நின்று வேலை செய்த இடத்தில். போதாதா? கௌரி வந்துவிட்டாள் என்றார்கள்.

அந்த லைனின் லீடர் அமுதா. சேரப்பணஞ்சேரிக்காரி, குண்டான உடம்பு, கட்டடத்தின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும். தன் லைன் பெண்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டாள். அவர்களுக்கு ஒன்று என்றால் மேனேஜர் மேஜையையே தட்டுவாள். அவள்தான் பரிகாரம் செய்தாள். வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிப்ட் வருவதற்கு முன்னால் உடை மாற்றும் அறையில் சாம்பிராணி போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பெண்கள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார்கள். அடுத்த வெள்ளி சாம்பிராணி கொஞ்சம் அதிகம். விழுந்தவர்களும் அதிகம். பேய் கோபப்படுகிறது, அடங்குவதற்கு முன்னால் இப்படித்தான் ஆடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மற்ற நாளில் ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமையானால் என் மருத்துவ அறையில் கட்டில் போதவில்லை.

தலைவலி, வாந்தி, கால் துவண்டு போவது. நான் ஒவ்வொருத்தி விரலிலும் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினேன். எல்லோருக்கும் நன்றாகக் காட்டியது. ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை சரி. எனக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. “வெள்ளிக்கிழமை விரதம் டாக்டர்! வெறும் வயித்தோட நின்னுக்கிட்டே வேலை செஞ்சா விழாம என்ன பண்ணுவாங்க?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். நானே போய் விசாரித்தேன். விழுந்தவர்களில் பாதிப்பேர் மூக்கு முட்டச் சாப்பிட்டு வந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் விரதம் இருக்கிற பெண்கள் கல்லு மாதிரி நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். சரிதான் போ என்று அந்தப் பதிலை விட்டுவிட்டேன்.

டாக்டருக்கும் ஒரு பதில் இருந்தது. பயம்தான் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தொற்றுகிறது, ஒருத்தி விழுந்ததைப் பார்த்து அடுத்தவள் விழுகிறாள் என்றார். படித்தவர்கள் எல்லோரும் சொல்கிற பதில். மேனேஜருக்கும் பிடித்திருந்தது. ஆனால் டாக்டர் தன் கேள்வியைத் தன்னையே கேட்டுப் பதிலும் சொன்னார்: “கதையே தெரியாத ஒருத்தி விழுந்தா நான் தப்பு.” அந்த வெள்ளிக்கிழமையே ஒரு ஒடிசாப் பெண் விழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள், தமிழில் ‘தண்ணி’ தவிர ஒரு வார்த்தை தெரியாது, கௌரியும் தெரியாது பேயும் தெரியாது. டாக்டர் அவள் நாடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, “நானும் தப்பு,” என்றார். அதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் ஒரு சந்தோஷம், கேளுங்கள்! எனக்கு அழுகை வருகிறது, அவருக்குச் சந்தோஷம்.

அன்றைக்குச் சாயந்திரம் அமுதா என் அறைக்கு வந்தாள். கூடவே லைனில் பாதி.

“சிஸ்டர், நீங்க டெஸ்டு எடுத்துக்கினே இருங்க. எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்த இசக்கிய மொதல்ல அனுப்புங்க.”

“அவ என்ன பண்ணினா?”

“இன்னா பண்ணலன்னு கேளுங்க! எல்லாரும் வுழுந்தாச்சி. நானே போன வாரம் செவுத்தப் புட்சிக்கினு நின்னேன். அவளுக்கு மட்டும் ஒண்ணியும் ஆவல. ஒரு தலவலி இல்ல. சாம்பிராணி போட்டா உள்ள நிக்க மாட்டா, ஓடிப்போயி சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னுக்குவா. தெய்வத்துப் புகை யாருக்கு ஆவாது? நீங்களே சொல்லுங்க. கௌரி அவளுக்குள்ள கீறா சிஸ்டர்.”

எனக்குச் சுருக்கென்றது. பேய்ப் பேச்சினால் இல்லை. யாருக்கு இல்லை என்கிற டாக்டரின் கேள்வியை இவள் எங்களுக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறாள்! நாங்கள் இரண்டு பேரும் விழுந்தவர்களையே சோதித்துக்கொண்டிருந்தோம். அமுதா சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு பேயைக் கண்டதும் அதோடு நின்றுவிட்டாள்.

மேனேஜர் அதற்குள் முடிவே எடுத்துவிட்டார். காண்ட்ராக்டரிடம் சொல்லி இசக்கியை ஊருக்கு அனுப்பிவிடலாம், லைன் அமைதியாகிவிடும், உற்பத்தி கெடாது. அவருக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. அது இன்னும் மோசமாகப்பட்டது எனக்கு. டாக்டர் அவரிடம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டார். அதற்குள் ஒன்றும் தெரியாவிட்டால் சனிக்கிழமை இசக்கிக்குப் பஸ் டிக்கெட்.

நான் இசக்கியைத் தேடிப் போனேன். டீ இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளோடு சாப்பிடுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் விலகி உட்கார்ந்தாள். மற்றவர்களே அவளை அப்படிப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

“ஏம்மா, அந்தப் புகையைப் போட்டா நீ ஏன் வெளியே வந்துடற?”

அவள் கைகள் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டன.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நர்ஸ் சொன்னா சொன்னதுதான்.”

அதற்குப் பிறகுதான் பையைத் திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸுக்கு அடியில் துணியில் சுற்றி ஒரு இன்ஹேலர்.

“சின்னப்பிள்ளையில இருந்து வீசிங் சிஸ்டர். புகையில நின்னேம்னா மூச்சு முட்டிரும். வேலைக்குச் சேக்கும்போது காண்ட்ராக்டரு சொன்னாரு, இது இருக்குன்னு தெரிஞ்சா மெடிக்கல் டெஸ்ட்ல தள்ளிருவாவன்னு. அதான் வாயத் தொறக்கல.” பிறகு அழ ஆரம்பித்தாள். “வேலை போனாக்கூடப் பரவாயில்ல சிஸ்டர். பேய் புடிச்சவன்னு ஊருக்கு அனுப்புனா, எங்க ஊர்ல கோயில்ல கொண்டுபோயிச் சங்கிலியில கெட்டிப் போட்டுருவாவ. எங்க சித்தி அப்படித்தான் கெடந்தா. என்னய அனுப்பிறாதிய.”

இந்தக் காலத்தில், இத்தனை கார் போகிற ரோட்டோரத்தில், ஒரு பெண் மூச்சு விட முடியாததை மறைத்துவிட்டுப் பேய் என்ற பெயரைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் தோளைத் தட்டிவிட்டு நேராக உடை மாற்றும் அறைக்குப் போனேன். இதுவரை விழுந்தவர்களை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள், நான் அறையைப் போய்ப் பார்த்ததேயில்லை.

சின்ன அறை. லைனுக்குள் தூசி வரக்கூடாது என்பதற்காக ஜன்னல்களைக் கட்டும்போதே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்திருந்தது. கூரையில் இருக்கும் புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. மூலையில் தூபக்கால் இல்லை, ஒரு இரும்புச் சட்டி! அதில் சாம்பல் நிறையக் கிடந்தது. அமுதாவின் கணவர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார், அங்கிருந்து கரி.

“இது எதுக்கு அடைச்சு வெச்சிருக்கு?” என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன்.

“புகை தங்கணுமாம் சிஸ்டர். தங்கினாத்தான் அது ஓடுமாம்.”

காஞ்சிபுரத்து மனிதரின் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. கொசுவுக்காக அடைத்த அறை, பேய்க்காக அடைத்த அறை, இரண்டிலும் கரி நெருப்பு. வீட்டில் சாம்பிராணி போட்டால் கதவு ஜன்னல் திறந்திருக்கும், ஒரு கரண்டி கரி. இங்கே சட்டி நிறைய. வாசனைப் புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடியில் கனல் மட்டும் சத்தமில்லாமல் கிடக்கும். அதிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. பெண்கள் வந்து உடை மாற்றுகிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், டீ இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். புகை போன பிறகு விழுவதால் புகையை யாரும் சந்தேகப்படவில்லை. என் கையிலிருந்த கிளிப்புகூட ஏமாந்துபோனது. ரத்தத்தில் ஏறியிருக்கிற அந்த வாயுவையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். படிக்கும்போது ஒரு வரி சொல்லிக்கொடுத்திருப்பார்கள், யாருக்கு நினைவிருக்கிறது?

டாக்டரிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். இசக்கியின் வீசிங்கை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நல்லா இருக்கு ஸ்டெல்லா. விரதமும் நல்லாத்தான் இருந்தது. என்ன நடந்தா இது தப்பு?” என்றார்.

கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்த ஆள் சொல்வது சரி.

புதன்கிழமை அமுதாவை உட்காரவைத்துப் பேசினோம். டாக்டர் பேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவும் இல்லை. “நீங்க வழக்கம்போலப் போடுங்கம்மா. ஆனா உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியில இறங்கறதுக்கு முன்னாடி விஷவாயு இருக்கான்னு பாக்கற மீட்டர் ஒண்ணு சேஃப்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கு. அதை உள்ளே தொங்க விடுவோம். அது கத்தலைன்னா சிஸ்டர் சொல்றது தப்பு. நாங்க வாயை மூடிக்கறோம்.”

அமுதா கெட்டிக்காரி. “கத்திச்சின்னா? பேய் அந்த மிஷினக் கத்த வெச்சிதுன்னு நான் சொன்னா இன்னா பண்ணுவீங்க?”

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் எதிர்பார்த்தவர் மாதிரி, “நீங்களே சொல்லுங்க, எப்படிச் சோதிக்கலாம்?” என்றார்.

அமுதா யோசித்தாள். “கௌரி போவாத எடத்துல வெச்சிப் பாக்கணும். கேட்டாண்ட கீற பழைய ஸ்டோர் ரூமு. அவ அந்தாண்ட போனதே இல்ல. சாம்பிராணியும் போடக் கூடாது, வெறுங்கரி. அங்கியும் கத்திச்சின்னா ஒத்துக்கிறேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்பறம் அடுத்த வெள்ளிக்கெழமை கரி உள்ள வெக்கல. அன்னிக்கி ஒருத்தி வுழுந்தாலும் இசக்கி போவணும். பேச்சு மாறக் கூடாது.”

நாங்கள் ஒத்துக்கொண்டோம். ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வேறு காரணத்துக்காக யாராவது ஒருத்தி விழுந்துவிட்டால்? பந்தயத்தில் வைத்திருப்பது எங்கள் மானத்தை மட்டும் இல்லை, இசக்கியை. மேனேஜர் அந்த இரண்டாவது வெள்ளி வரைக்கும் தவணையை நீட்டியதே பெரிய காரியம்.

வெள்ளிக்கிழமை மதியம் லைனே வெளியே திரண்டு நின்றது. டாக்டர் ஃபேன் அட்டையைக்கூட எடுக்கவில்லை, எல்லாம் எப்போதும் போல இருக்க வேண்டும் என்றார். மீட்டரைப் பெஞ்சுக்கு மேலே, உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் தொங்கவிட்டார். அமுதா சட்டியைக் கொண்டுபோய் மூலையில் வைத்து, சாம்பிராணியைத் தூவிவிட்டு உடனே வெளியே வந்தாள். கதவைச் சாத்தினோம்.

கதவின் கண்ணாடியில் வெள்ளைப் புகை. மீட்டர் சும்மா இருந்தது. அமுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புகை மெல்ல அடங்கியது. மீட்டர் சும்மாவே இருந்தது. “இன்னா சிஸ்டர், சத்தத்தக் காணோம்?” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், ஆனால் வாயு மீட்டருக்காக ஜெபம் பண்ணியது அன்றைக்குத்தான். இசக்கி தூரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புகை சுத்தமாகப் போய், உள்ளே பெஞ்சும் லாக்கரும் பளிச்சென்று தெரிந்தன. உட்கார்ந்து இளைப்பாறலாம் போல இருந்தது. அப்போது கத்தியது பாருங்கள்! சிவப்பு விளக்கு மின்ன மின்ன, காதைக் கிழிக்கிற கீச்சுக் குரல். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பேயைப் பார்த்திருந்தால்கூட அந்தப் பெண்கள் அப்படி முகம் வெளுத்திருக்க மாட்டார்கள்.

அறையைத் திறந்து, காற்று போக வைத்து, ஸ்டோர் ரூமிலும் வெறும் கரியை வைத்துப் பார்த்தோம். அங்கேயும் கத்தியது. “என்ன அமுதா, கௌரி கேட்டுக்கு வந்துட்டாளா?” என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கினேன்.

அமுதா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். “அப்போ நான்தான் இந்தப் பொண்ணுங்கள...” என்றவள் முடிக்கவில்லை. “நெறய வுழுந்தா நெறய கரி போட்டேனே சிஸ்டர். எம் பொண்ணுங்கன்னுதானே போட்டேன்.”

“உங்க சட்டிதாம்மா காரணம், உங்க மனசு இல்ல,” என்றார் டாக்டர். “அடைச்ச அறையில கரி வெக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நாங்கதான் சொல்லியிருக்கணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை நான் காலையிலிருந்து மருத்துவ அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடியும் வரை மயக்கம் என்று எவளும் வரவில்லை. ஒருத்தி வந்தாள், குண்டூசி குத்திவிட்டதாம். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் லைன் முழுக்க வாசலில் கூடியது. பெண்களுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அமுதாதான் கேட்டாள்: “சரி சிஸ்டர், கரிதான். ஒத்துக்கிறேன். ஆனா அது கரின்னு அவளுக்கு எப்டித் தெரியும்? அவ மட்டும் ஏன் வெளிய போயி நின்னா?”

மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். காண்ட்ராக்டரும் நிற்கிறார். எனக்குப் பதில் தெரியும், சொல்ல முடியாது. நர்ஸ் சொன்னால் சொன்னதுதான். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்டு சும்மா நின்றார். நான் பேசாமல் நிற்க நிற்க, பெண்கள் கண்ணில் பழைய சந்தேகம் திரும்ப வருவது தெரிந்தது.

இசக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினாள்.

“எனக்கு வீசிங் இருக்குக்கா. புகை ஒத்துக்காது. அம்புட்டுதான்.”

காண்ட்ராக்டர் வாயைத் திறக்கும் முன்னே டாக்டர், “ஆஸ்துமா இருக்கறவங்க அசெம்பிளில தாராளமா வேலை செய்யலாம். அந்தச் சான்றிதழ் நான் தர்றேன்,” என்றார். கண்ணாடியைத் துடைக்கக்கூட அவர் நிற்கவில்லை.

அமுதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத மொதல்லியே சொல்லக் கூடாதாடி?” என்றாள். குரலில் சத்தமே இல்லை.

“நீங்க யாருமே என்ட்ட ஏன்னு கேக்கலியேக்கா. அந்தாண்ட போன்னுதானே சொன்னிய.”

புது நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நாலு கேள்வியையும் கேள். நாலாவதுக்குப் பதில் ஒரு மனுஷியாக இருந்தால், அவளிடமே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

அமுதா இன்றைக்கும் பேயை நம்புகிறாள். வடக்குப்பட்டு ரோட்டில் ஒன்று இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவாள், நான் சண்டை போடுவதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது சாம்பிராணி வெளியே, சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே வெட்டவெளியில், சின்னத் தூபக்காலில். அமுதா கரியை ஊதிக்கொண்டிருந்தாள், பெண்கள் சுற்றி நின்றார்கள், இசக்கி கொஞ்சம் தள்ளித் தூண் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தாள். திடீரென்று காற்று திரும்பி, புகை தூண் பக்கம் போக ஆரம்பித்தது. அமுதா ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“ஏய் இசக்கி, காத்து மாறுது பாரு. அங்க நிக்காத. எங்கூட இந்தாண்ட வா.”